மூன்றாவது குழாய்

பதினோரு வருடத்தில் நாத்தனார்காரி தன் அண்ணியிடம் பேசிய முதல் பேச்சு மைக் வழியாக வந்தது. நீர்த்துறையின் கூட்ட அறையில் முப்பது பேர் உட்கார்ந்து கேட்டார்கள்.

"மேடத்தோட அறிக்கையில எழுத்துப்பிழை ஒண்ணுகூட இல்ல. அதுல இருக்கிற நல்ல விஷயம் அது ஒண்ணுதான்."

சிலர் சிரித்தார்கள். சிரிக்காதவர்களும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். மேடம் என்று சுட்டப்பட்டவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குக் குடித்து, மூடியை நிதானமாகத் திருகி வைத்தாள். மண் ஆய்வுக்கூடத்தின் தலைவி அவள். முப்பது வருடமாகக் குளத்தடிச் சேற்றைக் குழாய் குழாயாக எடுத்து வந்து படிப்பதுதான் பிழைப்பு என்பதால் ஊரில் அவளுக்குச் சேத்து மேடம் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள், முதுகுக்குப் பின்னால் வேறு பெயரே கிடையாது.

"பொறியாளர் மேடத்துக்குப் புரியிற மாதிரி இன்னொரு தடவை சொல்றேன்," என்றாள் சேத்து மேடம். "மெதுவாவே சொல்றேன்."

விஷயம் இதுதான். ஆற்றின் கரைச்சுவர் நாலு மீட்டர் உயரம், பழசு, விரிசல் விட்டுவிட்டது. அதை உயர்த்த வேண்டும். ஆறு மீட்டர் போதும் என்றால் இருக்கிற சுவர்மேலேயே கட்டிவிடலாம், ஒரு செங்கல்லை அசைக்க வேண்டாம். எட்டு மீட்டர் வேண்டும் என்றால் சுவரின் அடிப்பாகம் அகலமாகும். ஆற்றங்கரைத் தெருவின் நாற்பத்திரண்டு வீடுகளும் போய்த்தான் ஆக வேண்டும். நீர்த்துறையின் கரைப் பொறியாளரான நாத்தனார்காரி எட்டு என்றாள். சேத்து மேடம் ஆறு என்றாள். அந்தத் தெருவின் பதினேழாம் எண் வீடு சேத்து மேடம் குடியிருக்கும் வீடு, அவள் மாமனார் கட்டியது. நாத்தனார்காரி பிறந்து வளர்ந்ததும் அங்கேதான்.

மாமனார் கண்ணை மூடுவதற்கு முன் வீட்டை மகன் பேருக்கு எழுதிவிட்டார். மகளுக்கு வேறு என்னென்னவோ கொடுத்தார், வீட்டைக் கொடுக்கவில்லை. அண்ணிதான் கிழவர் காதில் ஓதினாள் என்பது நாத்தனார்காரியின் கட்சி. ஓதினாளா என்றால், கொஞ்சம் ஓதினாள்தான். கடைசி மூன்று வருடம் படுக்கையில் கிடந்தவருக்கு மருந்து கொடுத்ததும் துணி மாற்றியதும் யார்? ஞாயிற்றுக்கிழமை வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிற மகளா? அன்று அறுந்த பேச்சு அறுந்ததுதான். நல்லது கெட்டதுக்குக்கூட இருவரும் வேறு வேறு நேரத்தில் போய்விட்டு வந்தார்கள். தனக்குக் கிடைக்காத வீடு யாருக்கும் இருக்கக் கூடாது என்றுதான் எட்டு மீட்டர் கேட்கிறாள் என்று தெரு முழுக்கச் சொன்னது. சேத்து மேடம் அதை ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை.

கூட்டத்தில் அவள் மெதுவாகவே சொன்னாள். ஆற்றின் நீர்மட்டத்தை அளந்து எழுத ஆரம்பித்து தொண்ணூறு வருடம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று கேட்டால் பதில் சொல்ல மனிதர் யாரும் இல்லை, சேறுதான் இருக்கிறது. ஊருக்கு மேற்கே, ஆறு எப்போதோ விட்டுவிட்டுப் போன பழைய வளைவு ஒன்று குளமாகக் கிடக்கிறது. சாதாரண வருடங்களில் அதில் நைசான சேறு படியும். பெருவெள்ளம் வந்தால் ஆறு கரை மீறி மணலை அள்ளிக் கொண்டுவந்து கொட்டும். சேற்றுக்கு நடுவே ஒரு மணல் பட்டை இருந்தால் ஒரு வெள்ளம் என்று பொருள். பதினோரு வருடத்துக்கு முன் அவள் அந்தக் குளத்தில் மிதவை கட்டி, ஐந்து மீட்டர் ஆழத்துக்குச் சேற்றை எடுத்தாள். ஒரு மீட்டர் நீளத்தில் ஐந்து குழாய்கள்.

"மூணாவது குழாய்தான் முக்கியம். அது ஐந்நூறு வருஷத்துக் கதை. அதோட கீழ்ப்பாதி உலகம் சூடா இருந்த காலம். மலை மேல இருக்கிற மரங்களோட வளையத்துலயும் அது பதிஞ்சிருக்கு. மேல்பாதி, குளிர் வந்த காலம். சூட்டுக் காலத்துல ரெண்டே ரெண்டு வெள்ளம். குளிர்க் காலத்துல பதினொண்ணு. இந்த ஆறு சூட்டுல அடங்கும், குளிர்ல பொங்கும். இனிமே வரப்போறது சூடு. அப்புறம் எதுக்கு எட்டு மீட்டர்?"

"நான் பாத்த அணையிலெல்லாம் சூடு ஏற ஏற மழை மொத்தமா கொட்டுது," என்றாள் நாத்தனார்காரி.

"நீங்க பாத்தது இருபத்தஞ்சு வருஷம். நான் ரெண்டாயிரம் வருஷம் பாத்திருக்கேன்."

"அப்ப அந்தக் குழாயை நானும் கண்ணால பாக்கணும்."

குழுத் தலைவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பத்து நாள் கழித்து முடிவு, அதற்குள் பொறியாளர் ஆய்வுக்கூடத்துக்குப் போய்ப் பார்க்கலாம் என்று சொல்லி, தப்பித்தோம் பிழைத்தோம் என்று கூட்டத்தை முடித்தார்.

மூன்றாம் நாள் காலை நாத்தனார்காரி வந்தாள். இரும்பு மூக்கு வைத்த பூட்ஸ், மஞ்சள் சட்டை, கையில் தடித்த நோட்டு. வாசலிலேயே சேத்து மேடம் நிறுத்தினாள்.

"பூட்ஸைக் கழட்டிட்டு வாங்க. இங்க இருக்கிற சேறு விலை மதிப்புள்ளது. உங்க சேறு கலக்கக் கூடாது."

நாத்தனார்காரி கழற்றினாள். காலுறையில் ஓட்டை இருந்தது. சேத்து மேடம் அதைப் பார்த்தாள். பார்த்தது தெரியும்படியே பார்த்தாள்.

குளிர் அறையில் அரைக் குழாய்கள் நீளவாக்கில் பிளந்து, பிளாஸ்டிக் சுற்றி, அலமாரியில் படுத்திருந்தன. ஒவ்வொன்றின் மேல்முனையிலும் சிவப்பு மூடி, கீழ்முனையில் கறுப்பு மூடி. தண்ணீரிலிருந்து குழாய் வெளியே வந்த அந்த நிமிடமே மூடி போட்டுவிட வேண்டும், அதையும் சேத்து மேடம் வேறு யாரையும் போட விட்டதில்லை. ஐந்தையும் மேசையில் வரிசையாக வைத்துப் பிளாஸ்டிக்கைப் பிரித்தாள்.

"இதுவா?" என்றாள் நாத்தனார்காரி. "ஒண்ணுமே தெரியலையே. ஒரே பூச்சா இருக்கு. இதைப் பாத்தா பதினொண்ணு எண்ணினீங்க?"

"எண்ணினது எக்ஸ்ரேல. மணல் அதுல வெள்ளைக் கோடா வரும்."

"கோட்டை எண்ணியே ஊரைக் காப்பாத்திட்டீங்க."

அதைக் கேட்டதும்தான் சேத்து மேடத்துக்குச் சுருக்கென்றது. கம்பி போட்டுக் குழாயைப் பிளக்கும்போது சேறு இழுபட்டு மணலை மூடிவிடும், அது எல்லாருக்கும் தெரியும். தட்டைக் கத்தியை எடுத்தாள். இவளுக்கு மணலைக் கண்ணில் காட்டாமல் அனுப்புவதில்லை என்று, மூன்றாவது குழாயின் மேல்பாதியில் ஒரு சாண் நீளத்துக்குச் சுரண்டினாள். பூச்சு போயிற்று. உள்ளே மூன்று விரல் தடிமனுக்கு மணல் பட்டை சுத்தமாகத் தெரிந்தது.

அவள் கை அப்படியே நின்றது.

வெள்ளம் மணலைக் கொண்டுவந்து கொட்டும்போது கனமானது முதலில் இறங்கும். பொடிக்கல் அடியில், அதன்மேல் பெருமணல், அதன்மேல் நைசு மணல், எல்லாவற்றுக்கும் மேலே சேறு. வாளித் தண்ணீரில் ஒரு பிடி மண்ணைக் கலக்கி வைத்தால் தெரிந்துவிடுகிற சங்கதி. இங்கே சேறு அடியில் இருந்தது. பொடிக்கல் மேலே, சிவப்பு மூடி இருக்கிற பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது.

"என்ன?" என்றாள் நாத்தனார்காரி. அவள் அலமாரி லேபிள்களை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் இல்ல. குளிருது. பாத்தாச்சுன்னா கிளம்புங்க."

"பாத்தாச்சு. சேறு பாத்தாச்சு." பூட்ஸை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

கதவைச் சாத்திவிட்டு சேத்து மேடம் எல்லாப் பட்டைகளையும் சுரண்டினாள். இரண்டாவது குழாயில் மணல் ஒழுங்காக இருந்தது. நாலாவதிலும் ஒழுங்கு. மூன்றாவதில் பதிமூன்று பட்டைகளும் தலைகீழ். நடுவில் கிடைத்த ஒரு விதையை வைத்துத்தான் அந்தக் குழாய்க்கு வயது கண்டிருந்தாள். நடு என்பது எப்படித் திருப்பினாலும் நடுதான், அது காட்டிக்கொடுக்காது. குளத்தில் எழுதிய பழைய நோட்டைத் தேடி எடுத்தாள். மூன்றாவது குழாய்க்கு நேரே நேரம் எழுதி, பக்கத்தில் கிறுக்கலாக 'போன்' என்று ஒரு வார்த்தை. உடனே ஞாபகம் வந்துவிட்டது. மிதவையில் நின்று, தோளுக்கும் காதுக்கும் இடையில் போனை இடுக்கிக்கொண்டு, நாத்தனார்காரியோடு சண்டை போட்டாள். வீட்டை எழுதி வாங்கிய செய்தி அன்றுதான் அவளுக்குப் போயிருந்தது. கை இரண்டும் ஈரக் குழாயில், வாய் முழுக்க வசவு. மூடிகளை அந்தக் கைதான் போட்டது.

எக்ஸ்ரே படத்தை எடுத்துத் திருப்பி வைத்துப் பார்த்தாள். கதை முழுதும் புரண்டுவிட்டது. குளிர்ந்த காலத்தில் ஆறு அடங்கிக் கிடந்திருக்கிறது. சூட்டுக் காலத்தில்தான் பதினோரு முறை பொங்கியிருக்கிறது. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் நடுவே சேறு இவ்வளவு, அவ்வளவு என்று கணக்குப் போட்டால், சில சமயம் ஒரு மனிதர் வாழ்நாளில் மூன்று வெள்ளம். அதில் மூன்று விரல் தடிமன் பட்டை ஒன்று. அவ்வளவு மணலை அவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு வர ஆறு எவ்வளவு உயர்ந்திருக்க வேண்டும் என்று காகிதத்தில் போட்டுப் பார்த்தாள். ஏழு மீட்டருக்குக் குறையவில்லை. மறுபடி போட்டாள். குறையவே இல்லை.

நாசமாய்ப் போக என்று வாய்விட்டுச் சொன்னாள். யாரை என்று அவளுக்கே தெரியவில்லை.

வீட்டில் அவள் வீட்டுக்காரர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இடி விழுந்தாலும் பேப்பரைக் கீழே வைக்காத மனிதர். அன்றைக்கு அவள் சொன்னதைக் கேட்டு வைத்தார்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"அவளுக்கு?"

"அவ கண்ணு முன்னாடிதான் இருந்துச்சு. பாக்கல."

"அப்ப அந்தப் பிளாஸ்டிக்கைத் திரும்பச் சுத்தி அலமாரியில வை. பதினோரு வருஷம் இருந்தது, இன்னும் இருக்கட்டும்."

"சுவருக்குப் பின்னாடி பள்ளத்துல ஆறாயிரம் பேர் இருக்காங்க. ஏழு மீட்டர் தண்ணி வந்தா முதல்ல நம்ம வீடு, அப்புறம் அவங்க."

"எப்ப வரும்? நாளைக்கா?"

"நாளைக்கும் வரலாம், அறுபது வருஷம் கழிச்சும் வரலாம்."

"அறுபது வருஷத்துல நீயும் இல்ல, நானும் இல்ல." அவர் எழுந்துவிட்டார். "எங்கப்பா ஒவ்வொரு கல்லா பாத்துப் பாத்துக் கட்டின வீடு. அதை இடிச்சுத் தர்றேன்னு அவகிட்ட நீயே தட்டுல வச்சுக் குடுக்கப் போறியா? அவ சிரிப்பா. காலம் பூரா சிரிப்பா. அதைத் தாங்கிப்பியா நீ?"

அதைத்தான் அவளாலும் தாங்க முடியவில்லை. ஆறாயிரம் பேருக்காக நெஞ்சு உருகியது என்று சொன்னால் பொய். அந்தச் சிரிப்பை நினைத்து வயிறு எரிந்தது. மறைத்துவிடலாம் என்று ஒரு நாள் முழுக்க நினைத்தாள். அடுத்த நாளும் நினைத்தாள். ஆனால் பல் தேய்க்கும்போதும், பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதும் பொடிக்கல் மேலே, சேறு கீழே என்று அந்தப் பட்டை கண்ணில் வந்து நின்றது. இன்னொருத்தர் குழாயில் அப்படிக் கண்டிருந்தால் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டிருப்பாள். தலைகீழாக நிற்கிற மணலைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க அவளுக்கு வராது, முப்பது வருடத் தொழில் அவளை அப்படிக் கெடுத்து வைத்திருந்தது. வெளியூரிலிருந்து மண் படித்தவர்கள் இரண்டு பேரை வரவழைத்துக் காட்டினாள். அவர்களும் பார்த்துவிட்டு, சங்கடத்தோடு ஆமாம் என்றார்கள்.

பத்தாம் நாள் கூட்டத்தில் அவள் எழுந்து நின்று சொன்னாள்.

"மூணாவது குழாய்க்கு நான் மூடியை மாத்திப் போட்டுட்டேன். தப்பு என்னோடது, வேற யாரோடதும் இல்ல. சூட்டுக் காலத்துலதான் இந்த ஆறு பொங்கியிருக்கு. ஆறு மீட்டர் பத்தாது. அறிக்கையை வாபஸ் வாங்கிக்கிறேன்."

தெருக்காரர்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் எதிர்வீட்டுக்காரர் எழுந்துவிட்டார்.

"பதினோரு வருஷமா தலைகீழா வச்சுக்கிட்டு நீங்க பெரிய படிப்பாளியா? உங்களை நம்பி நான் போன வருஷம் மாடி எடுத்தேன். இன்னிக்கு வந்து மூடி மாறிப்போச்சுங்கறீங்க. நாளைக்கு மறுபடி மாத்திப் போட்டேன்னு சொல்ல மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?"

"நாத்தனாரும் அண்ணியும் சேர்ந்துக்கிட்டாங்க," என்று இன்னொரு குரல். "நம்ம தலையிலதான் விளையாடுறாங்க."

அதற்கு மேலும் பேசினார்கள், இங்கே எழுத முடியாததையும் பேசினார்கள். சேத்து மேடம் நின்றபடியே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். திட்டியவர்களில் பாதிப் பேர் பிள்ளைகளுக்கு அவள் கணக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அது அந்த நேரத்தில் ஞாபகம் வந்து என்ன பிரயோஜனம். எட்டு மீட்டர் என்று முடிவாயிற்று. நாத்தனார்காரி வாயே திறக்கவில்லை. சிரிக்கவும் இல்லை. முன்னால் இருந்த காகிதத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஜெயித்த திமிரில் உட்கார்ந்திருக்கிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். சேத்து மேடம்தான் அதிகமாக நினைத்தாள்.

ஒரு வாரம் கழித்து, காலை பதினோரு மணிக்கு, பதினேழாம் எண் வீட்டு வாசலில் மஞ்சள் சட்டை தெரிந்தது. வீடு வீடாக அளந்து படிவம் நிரப்பும் வேலை. வேறு ஆளை அனுப்பியிருக்கலாம், அவளே வந்திருந்தாள். வீட்டுக்காரர் தங்கையைப் பார்த்ததும் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாத்திய சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

"அளக்கணும்," என்றாள் நாத்தனார்காரி.

"அளங்க. இதுக்குத்தானே இவ்வளவு பாடு."

அவள் பூட்ஸை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். யாரும் கழற்றச் சொல்லவில்லை. கூடத்தை அளந்தாள், சமையலறையை அளந்தாள். மாமனார் படுத்திருந்த அறைக்குள் போனவள் வெளியே வர நேரமாயிற்று. திரும்பி வந்து கூடத்து மேசையில் படிவத்தை விரித்து உட்கார்ந்தாள். எழுதாமல் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்தக் குழாயை இன்னொரு தடவை பாத்தீங்களா?"

"எத்தனை தடவை பாக்கறது? மூணு தடவை பாத்தாச்சு."

"வெளியாளுங்க?"

"ரெண்டு பேர். ரெண்டு பேரும் அதையேதான் சொன்னாங்க."

"ரெண்டாவது குழாய்தான் தலைகீழா இருக்கும். மூணாவது சரியா இருக்கும். அப்படி இருக்கலாம்ல?"

சேத்து மேடம் அவளை உற்றுப் பார்த்தாள். இது கிண்டல் இல்லை. கிண்டலாக இருந்தால் பதில் தயாராக இருந்தது.

"நீதானே எட்டு கேட்ட?" மேடமும் நீங்களும் எங்கேயோ போய்விட்டன. "கிடைச்சிடுச்சு. இப்ப என்ன?"

"கேட்டேன். எட்டுன்னு சொல்றது என் வேலை. மழையைப் பாத்தா எட்டுதான் சரின்னு பட்டுச்சு, சொன்னேன். நீங்க விடமாட்டீங்கன்னு தெரியும். உயிர் போனாலும் தப்புன்னு ஒத்துக்கிற ஜென்மமா நீங்க? அந்தத் தைரியத்துலதான் அண்ணி நான் எட்டு எட்டுன்னு கத்தினேன்." குரல் உடைந்தது. அது உடைந்ததற்காகவும் அவளுக்குக் கோபம் வந்தது. "உங்களை யார் ஒத்துக்கச் சொன்னது? பொத்திக்கிட்டு இருந்திருக்கலாம்ல? எல்லாத்துலயும் பொத்திக்கிட்டுத்தானே இருந்தீங்க."

பதினோரு வருடம் இந்தக் குரல் கெஞ்சிக் கேட்க வேண்டும் என்று சேத்து மேடம் ஆசைப்பட்டிருக்கிறாள். எப்படி எப்படியோ கற்பனை செய்து வைத்திருந்தாள். இப்போது அது கெஞ்சியது. முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. பிறகு அந்தச் சந்தோஷம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அழுகை வரும்போல இருந்தது. இவள் முன்னால் அழுவதாவது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"குழாய் சரிதான்," என்றாள். "இந்தத் தடவை நான் தப்பா பாக்கல. எழுது."

நாத்தனார்காரி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுதினாள். வீட்டு எண். நீளம், அகலம். சுவர் செங்கல், கூரை காங்கிரீட். நாலாவது வரியில் பேனா நின்றது. 'வீட்டைக் கட்டியவர் பெயர்' என்று அச்சடித்து, பக்கத்தில் காலியாக விட்டிருந்தது.

அவள் பேனாவை மேசைமேல் அண்ணி பக்கமாகத் தள்ளினாள்.

"இதை மட்டும் நீங்க எழுதுங்க."

சேத்து மேடம் படிவத்தை ஒருமுறை படித்தாள். பேனாவைத் திரும்ப அவள் பக்கமே தள்ளினாள்.

"இடிக்கிற அதிகாரி கைப்பட எழுதணும்னு கீழே போட்டிருக்கு," என்றாள்.

நாத்தனார்காரி தன் அப்பா பெயரை எழுதினாள்.